பாசாங்கு அல்ல

பக்கவாதத்தில் பிழைத்தவர் சில மாதங்கள் சென்று, "கன்னம் எரிகிறது" என்றால், நாம் பாசாங்கு என்கிறோம். அல்லது பல்லைப் பிடுங்கச் சொல்கிறோம். கோளாறோ மூளையில்! உணர்ச்சிச் செய்திகள் வந்து கூடும் தலாமஸ் பழுதுற்றால் இவ்வேதனை தோன்றலாமென டெஜெரின், ரூஸி என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் 1906-லேயே எழுதினர்.

நரம்புச் செய்திகள் வழி மாறுவதும் உண்டு. சென்னை ஸ்டான்லி கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில், கையிழந்தவரின் கன்னத்தைத் தொட்டபோது அவர் இல்லாத கையில் ஸ்பரிசம் உணர்ந்தார். மூளையில் கையும் முகமும் அண்டை வீட்டார். காலியான வீட்டில் அயலார் குடியேறியதாக விளக்கம். இத்தகைய மாறுதல் வலிக்கும் காரணமாகலாம்.

புதுவையில் ஜிப்மர் இருக்கிறது. நோயாளியின் சொல்லை முதலில் நம்புவோம். பிறகு நரம்பியல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.