மூணாவது அடியில விழுந்த குதிரை

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து ஒரு வேலையோட வந்தாள். வசந்தத்தை வரவேற்கும் வேடங்களில் ஒன்றைப் பற்றிப் படித்து, செய்து காட்டணுமாம். அவளுக்கு வந்தது செக் நாட்டின் ஹ்லினெட்ஸ்கோ வட்டாரம்.

அங்கே தவக்காலத்துக்கு முன்னால் ஆண்கள் வேடம் கட்டி, பேண்டு வாத்தியத்தோடு வீடு வீடாகப் போவார்கள். பையன்களுக்குச் சிவப்பு வேடம், கல்யாணமானவர்களுக்குக் கறுப்பு. வீட்டுக்காரர் சம்மதித்தால் நாலு பேர் ஆடுவார்கள். ஆடினால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. கடைசி வீடு முடிந்ததும் பெண்குதிரை வேடத்துக்கு நடுத்தெருவில் விசாரணை! குற்றம் சாட்டி, உயில் வாசித்து, 'கொன்று', பிறகு சாராயம் ஊற்றி எழுப்பிவிடுவார்கள். ஒரு காலத்தில் தேவாலயம் தடுத்தது, பிறகு சோஷலிச அரசு. குதிரை சாகவில்லை. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது.

"அப்பா, நமக்குக் குதிரை இல்லையா?"

"ஏன் இல்ல? பொய்க்கால் குதிரை!"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. குதைபியாவில் பிறந்து வளர்ந்தவன் நான். லீவுக்கு ஊருக்குப் போனால் கல்யாண வீடும் துணிக்கடையும்தான். நேரில் பார்த்த ஒரே குதிரை வேடம், முஹர்ரக்கில் கர்காவூன் இரவில் ஆடிய ஃப்ரீசா. ரமலான் நடுவில் பிள்ளைகள் பையோடு வீடு வீடாகப் போய்க் கடலையும் மிட்டாயும் வாங்குவார்களே, அந்த ராத்திரி. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

தஞ்சாவூருக்கு போன் போட்டோம். தாத்தாவுக்குக் குரலே மாறிப்போச்சு. மூங்கில் கூடு, மேலே காகிதக்கூழ், கண்ணாடிச் சில்லு, ராஜா ஒரு குதிரை, ராணி ஒரு குதிரை, பின்னாலேயே நையாண்டி மேளம். காலில் ஒரு அடி உயரக் கட்டை.

"ஆட்டக்காரர் எங்க வீட்டுத் திண்ணைச் சுவர்ல சாஞ்சுதான் தண்ணி குடிப்பார், கண்ணு. சும்மா நிக்க முடியாது. கட்டைக்கால்ல நின்னா விழுந்துடுவாங்க, ஆடிக்கிட்டே இருக்கணும்."

இத்தனை வருஷத்தில் இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

கீழே கோல்டு ஸ்டோரில் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கி வந்தோம். செக் குதிரைக்கு ஒன்று, நம்மதுக்கு ஒன்று. காலுக்குப் பால்பவுடர் டப்பா. முதலில் நான் கட்டிப் பார்த்தேன். மூணாவது அடியில் சோபாவில் விழுந்தேன். வீடியோவில் தாத்தா சிரித்த சிரிப்பு பக்கத்து ஃபிளாட் வரைக்கும் கேட்டிருக்கும்.

"எழுப்ப சாராயம் வேணுமா?" என்கிறாள் மகள். அவளுக்குப் பத்து வயசு.