ஒரு வோட் என்றால் சத்தம் வராதா?



என்னிடம் படித்த தம்பி ஒருவர் போன கிழமை வந்தார். கையில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. "சேர், வீட்டிலயே கிட்டார் ரெகோர்ட் பண்ண டியூப் அம்ப் ஒண்டு எடுக்கப் போறன். 5 வோட்தான். சத்தமே வராதாம்."

அந்த 'வராதாம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. வோட் கணக்கையே சத்தக் கணக்காகக் காட்டி எங்கள் பிள்ளைகளின் காசைக் கரைக்கிறார்கள்.

விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவன் என்பதால் சொல்கிறேன். 50 வோட்டை 5 ஆக்கினால் குறைவது 10 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சத்தம், பத்திலொன்று அல்ல. கிட்டார் ஸ்பீக்கர்கள் பல, 1 வோட்டிலேயே ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபலை நெருங்கும். 0.1 வோட்டுக்கு இறக்கினாலும் 90 அளவில் நிற்கும். நாம் சாதாரணமாகக் கதைப்பது 60 அளவில்.

"வொலியூமைக் குறைக்கலாமே?" குறைக்கலாம். ஆனால் பவர் வால்வ்களை நன்றாக முடுக்கும்போது வரும் அந்தக் கரகரப்புக்காகத்தானே பலர் டியூப் தேடுகிறார்கள்? வொலியூமை இறக்கினால் முதலில் போவது அதுதான்.

1970இல் எரிக் கிளாப்டன் 'லைலா' அல்பத்துக்குச் சின்ன ஃபெண்டர் சாம்ப் பெட்டியைப் பாவித்தார் என்பதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். அது மியாமியில், ஒரு ஸ்டூடியோவுக்குள். தெமட்டகொடையில் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் ஏ.எல். எழுதப்போகும் பிள்ளை, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் மனிதர், சுகமில்லாத உம்மம்மா.

அப்படியானால் கிட்டாரை மூடி வைப்பதா? இல்லை. வோட்டைத் தேடாமல், ஸ்பீக்கர் இல்லாமல் பதிவு செய்ய வழியுள்ள அம்ப்பைத் தேடுங்கள். ஸ்பீக்கரை நிறுத்தி, ஹெட்போனுக்கும் கம்பியூட்டருக்கும் நேரே ஒலி அனுப்பும் சின்ன டியூப் அம்ப்கள் இருக்கின்றன. ஏற்கெனவே பெரியது வைத்திருந்தால், ஸ்பீக்கருக்குப் பதிலாக 'லோட் பொக்ஸ்' ஒன்றை மாட்டி, ஸ்பீக்கரின் குணத்தைக் கம்பியூட்டரில் சேர்க்கலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் டியூப் அம்ப்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகலாம். ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120 வோல்ட் பெட்டிகளை நம் 230இல் நேரே செருகவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் காசு போதாதா? டியூப்பையே விடுங்கள். நல்ல மென்பொருளும் ஒரு ஹெட்போனும் போதும். டியூப் இல்லாவிட்டால் இசை இல்லை என்பது சந்தைக் கதை.

2007இல் வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி வழக்கில், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது எல்லா மதத்தாருக்கும் பொதுவான கட்டளை. தொழுகைக்கு அழைக்கும் ஒலிபெருக்கிக்கே நேரம் குறித்திருக்கும்போது, நமது கிட்டார் எந்த மூலை?

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கீழே தொடங்காதீர்கள். அதில் ஆயிரம் கருத்து இருக்கலாம். அயல்வீட்டாரின் ஹக்கில் நமக்குள் இரண்டு கருத்து இல்லையே!