விசிறி படுத்தால் கம்ப்யூட்டரும் படுக்கும்!

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். "எவ்வளவு வேகம்? எத்தனை அங்குலத் திரை? எத்தனை ஆண்டு உத்தரவாதம்?" என்று கேட்கிறார்கள்.

விசிறியைப் பற்றி யாரும் கேட்பது இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி இருக்கிறது. ஒன்று அல்ல, மூன்று, நான்குகூட இருக்கும். பெரும்பாலும் 12 சென்டி மீட்டர் அகலம். வெளிக்காற்றை உள்ளே இழுப்பதும், சூடான காற்றை வெளியே தள்ளுவதும் இவற்றின் வேலை. விசிறி நின்றால் பெட்டிக்குள் சூடு ஏறும். முதலில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும். பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே அணைந்துவிடும்.

அது எப்போது அணையும்? நல்ல வெயில் காலத்தில்தான்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்திரை, வைகாசி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை. பிளஸ்-2 முடித்த பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதும் அந்த நாட்களில்தான். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் கூட்டம் நிற்பதும் அப்போதுதான். கந்தர்வகோட்டையிலோ, பொன்னமராவதியிலோ ஒரு மையத்தில் கடைசி நாள் அன்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், கூலி வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்த தாய் என்ன செய்வாள்? "நாளைக்கு வாம்மா" என்பார்கள். நாளைய கூலியும் போச்சு. கெடு முடிந்து இருந்தால் மகளின் படிப்பும் போச்சு.

கம்ப்யூட்டர் நிற்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்று, இடத்துக்கு ஒவ்வாத விசிறியை மாட்டுவது. இதை மட்டும் காசு கொடுக்கும்போதே தடுத்துவிடலாம்.

மேஜை விசிறியும் கூரை விசிறியும்

வீட்டில் உள்ள விசிறிகளைப் பாருங்கள். மேஜை விசிறி நிமிர்ந்து நிற்கிறது. அதன் அச்சு, கிணற்று ராட்டினத்தின் அச்சுபோலப் படுத்து இருக்கிறது. கூரை விசிறி படுத்துச் சுற்றுகிறது. அதன் அச்சு செங்குத்தாக நிற்கிறது.

மேஜை விசிறியில் பெரும்பாலும் 'புஷ்' என்ற குழல்தான் இருக்கும். அதில் கொஞ்சம் எண்ணெய். கூரை விசிறியில் அப்படி இல்லை. அதில் 'பால் பேரிங்' வைத்து இருப்பார்கள். எஃகுக் குண்டுகள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு உருளும். படுத்துச் சுற்றுகிற விசிறிக்கு அதுதான் தாங்கும் என்று விசிறி செய்கிறவர்களுக்குத் தெரியும்.

குண்டுகளின் அருமை புதுக்கோட்டைப் பெண்களுக்கும் தெரியும். 1991-ம் ஆண்டில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாய்ச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் சக்கரம் லேசாகச் சுற்றுவது அச்சில் உள்ள குண்டுகளால்தானே!

கம்ப்யூட்டர் விசிறியிலும் இதே கதைதான்.

விலை குறைந்த விசிறியில் இருப்பது 'ஸ்லீவ் பேரிங்'. அதாவது, எண்ணெய் இட்ட குழல். நிமிர்த்தி மாட்டினால் இது நன்றாகவே ஓடும், சத்தமும் குறைவு. படுக்க வைத்தால் வந்தது வினை! சுற்றுகிற பாகத்தின் பாரம் முழுவதும் அச்சின் ஒரு முனையில் விழும். எண்ணெய் மெல்ல மெல்லக் கசியும். தூசி சேரும். குழல் தேயும். "கர்ர்" என்று சத்தம் வரும். பிறகு ஒரு நாள் நின்றுவிடும்.

பால் பேரிங் விசிறி நின்றாலும் ஓடும், படுத்தாலும் ஓடும். கொஞ்சம் இரைச்சல் போடும், அவ்வளவுதான். மூன்றாவது ரகம் 'ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்'. எண்ணெய் வெளியே போகாதபடி அடைத்துச் செய்தது. நல்ல கம்பெனிச் சரக்காக இருந்தால் எப்படி வைத்தாலும் ஓடும், சத்தமும் இராது. விலைதான் கூடுதல்.

பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. 'ஹைட்ராலிக்' என்று அட்டையில் எழுதி வருகிற விசிறிகளில் பல, சற்றுத் திருத்திய ஸ்லீவ்தான். பால் பேரிங்கிலும் ஒரு பக்கம் குண்டு, மறு பக்கம் குழல் என்று வருவது உண்டு. இரு பக்கமும் குண்டு உள்ளதா என்று கேட்க வேண்டும்.

எது படுத்து இருக்கிறது?

நிமிர்த்தி வைத்த பெட்டியில், முன்பக்க விசிறியும் பின்பக்க விசிறியும் நிற்கின்றன. அங்கே மலிவான விசிறி போதும். மேல் தட்டிலும் அடித் தட்டிலும் உள்ளவை படுத்து இருக்கின்றன. அதிலும் மேல் தட்டு விசிறிக்கு இரட்டைத் தொல்லை. சூடான காற்று மேலேதானே போகும்? அந்தச் சூட்டில் எண்ணெய் இன்னும் சீக்கிரம் வற்றும். ஆகவே, வீட்டில் உள்ள பணத்துக்கு ஒரே ஒரு நல்ல விசிறிதான் வாங்க முடியும் என்றால், அதை மேல் தட்டில் மாட்டச் சொல்ல வேண்டும்.

பலரும் கவனிக்காத விசிறி ஒன்று உண்டு. அது பவர் சப்ளையில் இருப்பது. இப்போது வரும் பெரும்பாலான பவர் சப்ளைகளில், பெட்டி நிமிர்ந்து இருந்தாலும் இந்த விசிறி படுத்தே கிடக்கும். மலிவான பவர் சப்ளையில் முதலில் கத்துவது பெரும்பாலும் இதுதான். இதை வீட்டில் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும்.

சிலர் இடம் இல்லை என்று பெட்டியையே படுக்க வைக்கிறார்கள். அப்போது கணக்கு மாறிவிடும். நின்றுகொண்டு இருந்த பிராசசர் விசிறி படுத்துவிடும். பெட்டியைச் சாய்க்கும் முன் இதை யோசிப்பது நல்லது.

கடைக்காரர் கேட்க வேண்டும்

"எல்லா விசிறியும் ஒன்றுதான்" என்று சொல்லுகிற கடைக்காரர் தம் தொழிலுக்கே குறை செய்கிறார். "எந்த இடத்தில் மாட்டப் போகிறீர்கள்?" என்று அவர்தான் முதலில் கேட்க வேண்டும். பேரிங் என்ன ரகம் என்று பில்லில் எழுதித் தர வேண்டும். அட்டையில் இருப்பதோ பொடி எழுத்து ஆங்கிலம். அதைப் படிக்கத் தெரியாதவரிடம் எதையாவது தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. வாங்குகிறவர்களும், பச்சை விளக்கு எரிகிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை நிறுத்த வேண்டும். விளக்குக்குக் கொடுக்கிற சில நூறு ரூபாயில் நல்ல பேரிங் கிடைக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் பால் பேரிங் வேண்டியது இல்லை. இரவில் பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அதன் இரைச்சல் தொந்தரவுதான். குளத்தூர், திருமயம் பக்கம் கல் குவாரிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு எந்த விசிறியானாலும் தூசிதான் முதல் எதிரி. முன்பக்கம் வலை போட்டு, அடிக்கடி கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும்.

பழைய விசிறியைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கழற்றிய விசிறியை நிமிர்த்திப் பிடித்து விரலால் சுற்றிவிடுங்கள். பிறகு படுக்க வைத்துச் சுற்றிவிடுங்கள். படுத்த நிலையில் மட்டும் உராய்ந்தால், சீக்கிரம் நின்றால், பேரிங் தேய்ந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். நாளடைவில் அது பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் ஓடும். கல்லூரி விண்ணப்பம் தொடங்குவதற்குள் புது விசிறி மாட்டிவிட வேண்டும்.