ஓய்வூதியமும் இலக்கங்களும்

அரசாங்க சேவையில் உழைத்து மூத்தவர்க்கு ஓய்வூதியம் பிச்சையன்று, உரிமையாம். ஆயினும், பிறப்புச் சான்றிதழ், நியமனக் கடிதம், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றிற் பெயரும் பிறந்த திகதியும் ஒவ்வாவிடின், அவ்வுரிமை கைகூடுவது அரிதாகின்றது. 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெற்ற அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படுவதில் 12 இலக்கங்கள் உள. இரண்டிலும் பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியிருத்தலால், பதிவிலே நேர்ந்த சிறு வழுவும் முதுமையில் வந்து வழிமறிக்கும். கணவன் தன் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தைக் கூறாது மறையின், மனைவியின் அலைச்சல் பெரிது. நோயால் இயலாதாகி இடையில் ஓய்வுபெறுவோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

பழைய மாணவர்காள்! ஆவணங்களை இன்றே ஒப்புநோக்கித் திருத்துங்கள். இலக்கங்களை எழுதி இல்லாளிடம் கொடுங்கள். ஊர் முதியோர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க மாதம் ஒருநாள் ஒதுக்குவோமாயின், கல்லூரி அளித்த எழுத்தறிவுக்கு அதுவே தக்க கைம்மாறாம்.