கைவினைஞர் காட்சிப் பொருளா?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மீண்டும் எழுப்பிய அருங்காட்சியகம் அது. அங்கே நம் கண்முன்னே பானை வனைகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைக் காண்பதற்கும், அதனை ஆக்கும் கையைக் காண்பதற்கும் எத்துணை வேறுபாடு! இத்தகைய அருங்காட்சியகங்கள் பெருக வேண்டும். ஆனால், கையை மட்டும் கண்டால் போதுமா?

நாகர்கோவில் லேஸை எண்ணிப் பாருங்கள். திண்டின்மேல் கோலத்தாளை விரித்து, ஊசிகளைக் குத்தி, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிப் பின்னும் நுண்கலை அது. ஐரோப்பாவில் பிறந்த இக்கலையை, 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் பாதிரியாரின் துணைவியார் மார்த்தா அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தார். அவர்கள் மகள் எலிசா, கால்டுவெல்லை 1844-இல் மணந்து, இடையன்குடியிலும் அதனைப் பரப்பினார்.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து, தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு! இதனைச் சொல்லாமல் லேஸ் பின்னிக் காட்டினால், காண்போர் "என்ன அழகு!" என்று வியந்து நகர்ந்துவிடுவர். அழகு தெரியும், அதன் விலை தெரியாது.

பொழுதுபோக்க வந்தவரிடம் துன்பக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். துன்பத்தை அன்று, உழைப்பின் கணக்கையே சொல்லச் சொல்கிறேன். ஒரு முழத்துக்கு எத்தனை நாள்? என்ன கூலி? தம் மகளும் இதைக் கற்க வேண்டுமென்று விரும்புகிறாரா? இவற்றைக் கைவினைஞரே சொல்லட்டும்.

எங்கள் குத்தாலத்துக்கு அருகே, மயிலாடுதுறையில் இருக்கிறது கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டமிட்டு நெய்த அதன் கூறைப்புடவை மணப்பெண்ணின் உடை. இன்று அதனை நெய்யும் தறிகள் அருகிவிட்டன. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பட்டம் பெறாதவரிடம் என்ன அறிவு இருக்கப் போகிறது என்ற செருக்கு என்னையும் தொட்டுச் சென்றதுண்டு. இழைகளை எண்ணிக் கட்டம் அமைக்கும் நெசவாளியின் கணக்கை நினைக்கையில் வெட்கப்படுகிறேன்.

நண்பர்களே! அடுத்த கல்லூரி விழாவுக்கு ஒரு நெசவாளியை அழைப்போம். மூலையில் தறியோடு நிறுத்த அன்று. நாள் கூலி குறையாமல் கொடுத்து, மேடையில் நாற்காலியிட்டு, நமக்குப் பாடம் சொல்ல அழைப்போம். அவர் பேசட்டும், நாம் குறிப்பெடுப்போம்.