காய்ச்சல் விட்டால் போதுமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். "சார், பொண்ணுக்கு டெங்கு வந்து இப்பதான் சரியாச்சு. அடுத்த வாரம் ஓட்டப் போட்டி. ஓடியே தீருவேன்னு அடம்பிடிக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அதை ஏன் என்னிடம் கேட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

1998. அவன் பத்தாம் வகுப்பு, நான் வகுப்பாசிரியர். விளையாட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு வரை காய்ச்சலில் படுத்திருந்தான். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, ஓடுடா" என்று சொன்னது நான். எங்கள் அணிக்குக் கோப்பை வேண்டும் என்ற ஆசை. 800 மீட்டரில் இரண்டாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வைரஸ் காய்ச்சலால் இதயத் தசையில் அழற்சி என்றார்கள் மருத்துவர்கள். பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சில வைரஸ்கள் இதயத் தசைக்குள்ளேயே புகுந்துவிடும். அவற்றை விரட்ட நம் உடல் நடத்தும் போரிலும் தசை அடிபடும். இதைத்தான் மயோகார்டைட்டிஸ் என்கிறார்கள். காக்ஸாக்கி பி, பார்வோ வைரஸ், இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா, நம் ஊர் டெங்கு எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. எல்லோருக்கும் வருவதில்லை, பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் தேறிவிடுவார்கள். ஆனால் அழற்சி இருக்கும்போது ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம்.

பெரியவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. இதய ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்திருந்தால், தொற்றின்போது உடல் முழுக்க ஏற்படும் அழற்சியில் அந்தப் படிவு வெடித்து, மேலே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் பத்து கூடுகிறது. இதயத்துக்கு வேலையும் கூடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. இன்ஃப்ளூயன்ஸா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்றது அது.

'எல்லாம் தடுப்பூசியால்தான்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதையும் பார்க்கிறேன். சில நாடுகளில் போடப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளால் இளைஞர்கள் சிலருக்கு அரிதாக இதய அழற்சி வந்தது உண்மை. ஆனால் நம் நாட்டில் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி ஐ.சி.எம்.ஆர். 47 மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டது. கொரோனா தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவற்றில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்ததும், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் செய்த கடும் உடற்பயிற்சியும் இருந்தன.

பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்ஃபோன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு லேசான இதய அழற்சி கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரையே மாதக் கணக்கில் உட்காரவைத்து, ஏப்ரலில்தான் களமிறக்கினார்கள். நாம் ஒரு பள்ளிப் பிள்ளையை ஒரு வாரம் உட்காரவைக்க மாட்டோமா?

"அந்தக் காலத்துல காய்ச்சலோட களை எடுக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தவர்களில் பிழைத்தவர்கள்தான் இன்று கதை சொல்கிறார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று எத்தனை சாவு வீட்டில் கேட்டிருக்கிறோம்?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். நானும் கொடுத்தேன், தவறு. காய்ச்சலோடு வருகிற பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுவது அதன் உடம்புக்கும் கெடுதல், பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் கெடுதல். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் முன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, படபடப்பு உண்டா, மயக்கம் வந்ததா என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பெரிய சங்கதி இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு: சர்க்கரை, இதயநோய் இருந்தால் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் நேரத்து நெஞ்சுவலியை 'வாயு' என்று தள்ளாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். "அடுத்த வருஷமும் போட்டி நடக்கும் கண்ணு. முதல்ல டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்றேன். அழுதாள். பிறகு "சரி தாத்தா" என்றாள்.

அவள் அப்பாவிடம் 1998-இல் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.