குலமா, நிலமா?

மரத்தின் கிளைக்கும் விலங்கின் கோட்டுக்கும் கொம்பு என்னும் ஒரு பெயரையே நம் முன்னோர் வழங்கினர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்பெயர் உவமையளவே. கலைமானுக்கோ முற்றும் பொருந்தும். அதன் கொம்பு கிளைத்தெழுந்து, ஆண்டுதோறும் உதிர்ந்து, மீளவும் தளிர்ப்பது. மரக்கொம்பு மண்ணின் வளத்தைக் காட்டுதல்போல மான்கொம்பும் காட்டும் என்பதே எம் துணிபு.

இதனை மறுப்பார் உளர். நல்ல கலையின் கன்றே நல்ல கொம்பு தாங்கும், எல்லாம் குலவழி என்பது வேட்டை விரும்பிகளின் பழங்கொள்கை. அதனுள் உண்மை சிறிதும் இல்லையென்று யாம் கூறோம். ஆயினும் செம்மானின் வரலாறு அவர்க்குத் துணைநிற்பதன்று. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் காடுகள் அழிந்தபின், காட்டுக்குரிய அவ்விலங்கு புல்லும் குறும்புதருமே மண்டிய வெற்று மேடுகளில், குளிர்காற்றிடையே வாழ நேர்ந்தது. உடல் சிறுத்தது, கொம்பும் சிறுத்தது. அம்மலைமான்களுட் சிலவற்றை 1871ஆம் ஆண்டில் நியூசீலாந்தின் ஒட்டாகோ பகுதியிற் கொண்டுபோய் விட்டனர். ஆங்கே மேய்ச்சல் புதிது, பகைவிலங்கு இல்லை. சில பத்தாண்டுகளுள் அவற்றின் வழித்தோன்றல்கள் தாயகத்து உறவினரை விஞ்சிய பெருங்கொம்பு தாங்கின. குருதி அதுவே, நிலம் வேறு.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. மான் பெருகிற்று, மேய்ச்சல் தேய்ந்தது, கொம்பு குன்றிற்று. அயல்விலங்குகளைக் குடியேற்றிய சங்கத்தாரோ குலம் இழிந்ததென்று கொண்டு, குறைக்கொம்புடைய கலைகளைத் தேடிச் சுடுவித்தனர். பசித்த வயிற்றைப் பாராது பிறப்பைப் பழித்தல் என்ன நீதி? 1930இல் அரசினர் மானுக்கிருந்த காப்பை நீக்கியதும் கொம்பு கருதியன்று. அழிந்துவந்த காட்டையும் சரிந்துவந்த மண்ணையும் கருதியே.

கொம்பு என்பது எலும்பு. பூமயிர் போர்த்த மென்றோலுக்குள் மூன்று நான்கு திங்களில் வளர்ந்து முற்றும். அக்காலத்து உணவிற் கிடைக்கும் சுண்ணச்சத்து போதாமையின், விலா முதலிய தன் எலும்புகளினின்றே உடல் கடன் வாங்குகின்றது. உடலைப் பேணியபின் எஞ்சுவதே கொம்புக்கு ஆதலின், பஞ்சத்தில் முதற்கண் குறைவதும் அதுவே. ஸ்காட்லாந்தைச் சார்ந்த ரம் தீவின் மான்கள் உதிர்ந்த கொம்புகளைக் கடித்துத் தின்பதும், கடற்பறவைக் குஞ்சுகளின் தலையைக் கவ்வி மெல்லுவதும் கண்டறியப்பட்டுள. புல்லுண்ணும் சாதுவிலங்கை இச்செயலுக்கு உந்துவது நிலத்தின் வறுமையன்றோ? அத்தீவின் வடபாகத்தே 1972இல் மான் சுடுதலை நிறுத்தினர். தொகை மிகமிக, கலைகளின் கொம்பு எடை குறைந்தது.

கொம்பை அங்குலத்தால் அளந்து சிறப்புச் செய்யும் வழக்கம் இன்றும் உளது. அளப்போர், அந்நிலத்தில் எத்தனை மான் மேய்ந்தன என்னும் கணக்கையும் அதனருகே எழுதிவைப்பாராக.